அதே வழி நடந்து வந்தவர்



சில ஆண்டுகளுக்கு முன், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பிய ஒரு தாயைக் காணச் சென்றோம். நற்கருணை வழங்கினோம். துன்பத்தின் பொருளைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அவரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார், முகத்திலோ தெளிவில்லை.

அடுத்த முறை சென்றபோது அவ்வீட்டில் சிரிப்பொலி கேட்டது. பக்கத்துத் தெரு அம்மையார் ஒருவர் வந்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். "நல்லாப் பாருங்க அக்கா, மொட்டையா இருந்த தலைதான் இது!" என்று தம் பின்னலை முன்னே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நம் சொற்கள் அனைத்தும் தராத ஆறுதலை அப்பின்னல் தந்துவிட்டது. நமக்குச் சற்று நாணமாகவும் இருந்தது.

இவ்வாறு துணை நிற்பதையே ஒரு பணியாக வளர்த்தவர் நியூயார்க் நகரத்துத் தெரேஸ் லாசர் என்னும் பெண்மணி. 1952-இல் அவருக்கு மார்பக அறுவை நடந்தது. அக்கால முறைப்படி மார்பகத்தோடு அடியிலுள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிவிடுவர். பின்னர்க் கையை உயர்த்துவதே அரிது. எவ்வாறு உடுத்துவது, கையை எப்படிப் பழக்குவது, கணவரிடம் என்ன சொல்வது என்பதை எடுத்துரைப்பார் இல்லை. நோயின் பெயரையே மறைத்துப் பேசிய காலம் அது.

தாம் தேறியதும் லாசர் பிற நோயாளிகளின் படுக்கையருகே சென்று அமர்ந்தார். கைப் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகச் செயற்கை மார்பகம் ஆகியவையே அவர் கொண்டுசென்ற பரிசுகள். மருத்துவர் சிலர் இதனை விரும்பவில்லை, அவர் பின்வாங்கவுமில்லை. 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இப்பணியைத் தன்னுடையதாக ஏற்றது. 'ரீச் டு ரிகவரி' என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவிற்று. அதில் ஓர் ஒழுங்கு உண்டு: நோயாளியைக் காணச் செல்பவர் மருத்துவம் சொல்லலாகாது. அது மருத்துவரின் வேலை. தாம் பிழைத்திருப்பதைக் காட்டுவதும், செவிகொடுப்பதுமே அவர் வேலை.

குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. மருந்து ஏற்றிய நாட்களில் நாக்கில் சுவை இராது. தாளிக்கும் வாசனையே குமட்டும். அப்போது வற்புறுத்த வேண்டா. பசி திரும்பும் நாளில் அவர் விரும்பிய மிளகு ரசத்தை வைத்துக் கொடுங்கள். மாலையில் பழைய பாடல்கள் ஒலிக்கட்டும். கை இடங்கொடுக்கும்போது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தம் தலையைத் தாமே வாரட்டும். வாசலில் சிறு கோலம் இடட்டும். இவை அற்பமானவை அல்ல. மாதக்கணக்கில் நோயாளி என்றே அழைக்கப்படுபவர், தாம் இன்னும் இவ்வீட்டின் தாய் என்று உணர்வது இவற்றால்தான்.

காணச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சைக் காலத்தில் நோய் எதிர்க்கும் ஆற்றல் குறைந்திருக்கும். சளி, காய்ச்சலோடு செல்லாதீர்கள். இந்நோயால் இறந்தவர்களின் கதைகளை அங்கே அவிழ்க்காதீர்கள். 'என்ன பாவமோ' என்ற சொல் ஒருபோதும் வேண்டா. மருத்துவரின் சிகிச்சையை நிறுத்திவிட்டு வேறொன்றை முயலுமாறு தூண்டாதீர்கள்.

நம் பங்குகளிலும் இந்நோயினின்று தேறிய சகோதரிகள் உள்ளனர். பலர் அதனை வெளியே சொல்வதில்லை. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் மனமிருப்பவர் தம் பங்குத்தந்தையிடமோ அருட்சகோதரியரிடமோ தனியே தெரிவிக்கலாம், இரகசியம் காக்கப்படும். இன்று எங்கோ ஒரு வீட்டின் உள்ளறையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒருவருக்கு உங்கள் வருகை தேவைப்படலாம்.

நாம் முதலிற் சொன்ன தாய் இன்று நலமாயிருக்கிறார். சென்ற மாதம் அவரை வழியிற் கண்டோம். கையில் ஒரு பையிருந்தது. "எங்கே அம்மா?" என்றோம். "புதுசா ஆபரேசன் ஆன ஒரு பிள்ளையைப் பார்க்கப் போறேன், சாமி" என்றார். பையினுள் ஒரு ரப்பர் பந்து இருந்தது.