ஒரு கட்டுரை, ஐந்து பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். ஆறு மாதம் தோட்டம் தோட்டமாக அலைந்து, வயதானவர்களின் பேச்சைப் பதிவுசெய்தேன். முதல் வரைவையும் நான்தான் எழுதினேன். கட்டுரை வெளிவந்தபோது ஐந்து பெயர்கள் இருந்தன. என் பெயர் கடைசி. நடுவில் இருந்த இருவரை நான் பார்த்ததே இல்லை. கேட்டதற்குப் பேராசிரியர் சொன்னார்: "அவங்க கட்டுரையில நம்ம பேரும் வரும்லா, விடுப்பா."

இதைத்தான் நாம் 'கூட்டாய்வு' என்று மேடைகளில் கொண்டாடுகிறோம்.

சேர்ந்து உழைப்பதை நான் குறை சொல்லவில்லை. எண் பிரிவினை பற்றி ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட கட்டுரையில் இருவரில் யாரைக் கழித்தாலும் அது நிற்காது. ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன 2015 கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போனது. அந்த இயந்திரத்தை நாலு பேர் கட்ட முடியாது. நியாயம்தான்.

கோளாறு எண்ணும் முறையில் இருக்கிறது. லீ, போஸ்மன் இருவரும் 2005இல் 443 அமெரிக்கக் கல்வித்துறை விஞ்ஞானிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழுக் கட்டுரை என்று எண்ணினால், கூட்டாளிகள் கூடக்கூட உற்பத்தியும் கூடியது. கட்டுரையைப் பெயர்களின் எண்ணிக்கையால் வகுத்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

கணக்கு சிம்பிள். ஐந்து பேர் ஆளுக்கொன்று எழுதினால் ஐந்து கட்டுரை. அதே ஐந்திலும் எல்லாரும் பெயர் போட்டுக்கொண்டால், கேபிஐ படிவங்களில் இருபத்தைந்து. அறிவு ஒரு வரிகூடக் கூடவில்லை.

1975இல் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று போட்டுவிட்டார். மறுபடியும் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, தன் பூனையை இணை ஆசிரியராக்கினார். அந்தப் பூனையாவது பதவி உயர்வு கேட்கவில்லை.

இந்த எண்ணிக்கையில் தோற்பவர்கள் இருவர். பத்து வருடம் தனியாக உட்கார்ந்து ஒரே நூலை எழுதுகிறவர். களத்தில் அலையும் இளையவர். யார் என்ன செய்தார் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பெயர்களால் வகுக்கச் சொல்லுங்கள். பாதிப் பெயர்கள் தானாக உதிர்ந்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் ரெசுமேயில் அந்தக் கட்டுரை முழுசாக 'ஒன்று' என்றுதான் இருக்கிறது. ஐந்தில் ஒன்று என்று எழுத எனக்கும் இன்னும் கை வரவில்லை.