பட்டா உள்ளவருக்கு நிவாரணம், பாடுபட்டவருக்கு?

மழை பொய்த்தாலும், புயல் அடித்தாலும், ஊரடங்கு போட்டாலும் அரசு முதலில் சொல்வது "விவசாயிகளுக்கு நிவாரணம்" என்பதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஊருக்குள் வந்து யார் வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாசலில்தான் நிற்கும். சேற்றில் இறங்கி உழுதவர், நாற்றுப் பறித்தவர், நடவு நட்டவர், கட்டுத் தூக்கியவர் எனப் பாடுபட்ட பலருக்கும் அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது. அவர்களில் பெரும் பகுதியினர் சேரியிலும் காலனியிலும் வாழ்பவர்கள்.

விவசாயி என்று அரசு யாரை எண்ணுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நாடு முழுவதும் வேளாண்மையில் ஈடுபடும் பட்டியல் சாதியினரில் பத்தில் ஏழு பேர் கூலித் தொழிலாளர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் இவர்கள் கையில் இருந்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. நிலத்தை அளவுகோலாக வைத்து உதவி கொடுத்தால், அந்த உதவி சாதி பார்த்துப் பிரித்தது போலவே போய்ச் சேரும். அரசாணையில் சாதி என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை.

டெல்டாவில் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். சிட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கும். குத்தகை எழுத்தில் இல்லாததால் அடங்கலும் எளிதில் கிடைக்காது. குறித்த காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடன் அந்தச் சங்கத்தில் இருக்கிறது. இவருக்கோ உரக்கடைக் கடன், அடகுக்கடை, வாராவாரம் கட்டும் குழுக்கடன், நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று மாத வட்டி. ஒரே வயல், ஒரே நெல். வட்டி மட்டும் வேறு.

பயிர் கெட்டுப்போனால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அறிவிக்கப்பட்டபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் இடுபொருள் மானியம் அறிவித்தார்கள். நாம் சொன்ன இரண்டு ஏக்கருக்கு 10,930 ரூபாய். நட்டம் குத்தகைக்காரருடையது. காகிதம் கையில் இல்லாவிட்டால் அந்தப் பணம் அவருக்கு இல்லை. குத்தகை நெல்லை மட்டும் அவர் அளந்தாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. மரத்துக்குச் சொந்தக்காரருக்கு அது நியாயமான உதவிதான். அந்தத் தோப்பையே நம்பித் தேங்காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்களுக்கும் இழந்த வேலைக்கு என்ன விலை? தென்னங்கன்று காய்க்கும் வரை அவர்கள் எதைத் தின்பார்கள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

கடன் தள்ளுபடியிலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. கொரோனாவில் ஒடிந்துபோன சிறு விவசாயிகளுக்கு அது பெரிய ஆறுதல்; அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் படியையே ஏற முடியாதவருக்கு அங்கே தள்ளுபடி செய்ய என்ன கடன் இருக்கும்? அவருடைய கடன் உரக்கடை நோட்டிலும் குழுக்கடன் அட்டையிலும் இருந்தது. ஊரடங்கில் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி நிற்கவில்லை. தள்ளிவைத்த தவணை வட்டியோடு திரும்பி வந்தது.

பிரதமரின் கிசான் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2020 ஊரடங்கின்போது 2,000 ரூபாய்த் தவணையை முன்கூட்டியே கொடுத்தார்கள். நிலம் சொந்தப் பெயரில் இருப்பவருக்கு மட்டுமே அது உண்டு. குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் இல்லை. இன்னொரு விதியும் இருக்கிறது. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு, வாரிசு வழியில் அல்லாமல் நிலம் பெற்றவர்கள் இதில் சேர முடியாது. தமிழக அரசு 2023-இல் 'நன்னிலம்' திட்டத்தை அறிவித்தது. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 50 சதவீத மானியம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அதில் நிலம் வாங்கிய பெண், தன் பரம்பரையிலேயே முதன்முதலாகப் பட்டா பெற்ற பெண், மத்திய அரசின் கணக்கில் 'தாமதமாக வந்தவர்'. அப்பனும் பாட்டனும் நிலம் வைத்திருந்தவருக்குத் தடையில்லாத கதவு இவருக்குச் சாத்தியிருக்கிறது.

அப்பனும் பாட்டனும் ஏன் நிலம் வைத்திருக்கவில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமையை அறிக்கையாக அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. மாகாணம் முழுவதும் வழங்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பிற சாதியாருக்கு அதை விற்கவோ மாற்றவோ கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10-ஆம் தேதி காரணையை ஒட்டிய போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் இழந்தார்கள். பறிபோன பட்டாவைக் காட்டச் சொல்லித்தான் இன்றைக்கு நிவாரணப் படிவம் கேட்கிறது.

சரி, கூலியாளுக்கு நூறு நாள் வேலை இருக்கிறதே என்பார்கள். இருந்தது. நெருக்கடி நேரங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு அதுவே காரணம். அதிலும் 2021-22-இல் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று தனித்தனியாகப் பிரித்து அனுப்பச் சொன்னது மத்திய அரசு. ஒரே குளத்தில் சேர்ந்து மண் அள்ளியவர்களில் சிலருக்குக் கூலி முன்னாலும் சிலருக்குப் பின்னாலும் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்த முறை கைவிடப்பட்டது.

பட்டா இல்லாதவருக்குக் கொடுத்தால் போலிகள் புகுந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. பட்டா கேட்கும் கிசான் திட்டத்திலேயே 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டு, 100 கோடி ரூபாய்க்கும் மேல் போய்ச் சேர்ந்தது வெளியே வந்தது. காகிதம் மட்டும் போலியைத் தடுத்துவிடாது. எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஊரைக் கேட்பதுதான் சரியான சோதனை.

வழி இல்லாமலும் இல்லை. ஒடிசா 2018 இறுதியில் அறிவித்த 'காலியா' திட்டம் குத்தகைக்காரரையும் நிலமற்ற வேளாண் குடும்பத்தையும் உள்ளே சேர்த்தது. நிலமற்ற குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்றது. சத்தீஸ்கர் நிலமற்ற வேளாண் கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயில் தொடங்கியது. ஆந்திரா 2019-இல் சட்டம் கொண்டுவந்து, நிலத்தின் மீது உரிமை கோராத 11 மாதச் சாகுபடியாளர் அட்டை கொடுத்தது. உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பலவீனம். அதனால் அட்டை கிடைக்காமல் நின்றவர்கள் ஏராளம். அந்தப் பாடத்தையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

தமிழகத்தில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு. சட்டம் இருந்தும் வாய்மொழிக் குத்தகை அதற்கு வெளியேதான் நிற்கிறது. நிலம் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். அடுத்த போகம் குத்தகை கிடைக்காது என்று குத்தகைக்காரர் அஞ்சுகிறார். எனவே நிவாரணத்துக்கு மட்டுமாவது, உரிமையாளர் கையெழுத்து கேட்காத ஒரு சாகுபடிப் பதிவு வேண்டும். போகத்துக்கு ஒருமுறை வி.ஏ.ஓ. வயலில் நின்று எழுதட்டும், கிராம சபை அதைச் சரிபார்க்கட்டும். பயிர் இழப்புக்கு மானியம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் பரப்பில் வேலை இழந்த கூலிக் குடும்பத்துக்கும் ஒரு தொகை சேர்த்தே அறிவிக்கப்படட்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு முன், உங்கள் தெருவில் யார் எத்தனை மா குத்தகைக்குச் செய்கிறார், எந்தக் கடன் எந்த வட்டிக்கு வாங்கியிருக்கிறார், சென்ற நிவாரணத்தில் யாருக்கு என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடன் விவரத்தில் பெயர் வேண்டாம், கணக்கு போதும். அதைச் சபையில் படித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த புயலோ வறட்சியோ வருவதற்குள் அந்தக் கணக்கு அரசின் மேசையில் இருக்க வேண்டும்.