திருப்பினால் அடிக்கும், அமுக்கினால் அடிக்காது

போன தாளில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர், பழைய சாமானைக் கட்டிக்கொண்டு அழுவதைவிடப் புதுசு வாங்குவதே மேல் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நிறையப் பேர் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. காரணம் எங்க அப்புச்சியோட அம்பாசிடர் கார். சரியாகச் சொன்னால் அந்தக் காரோட ஹார்ன்.

கார் 1986 மாடல், மார்க் 4. நம்மில் பலர் அம்பாசிடரை சினிமாவில்தான் பார்த்திருப்போம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 1958-ல் இதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அப்புச்சி இன்னும் தோட்டத்துக்கு அதில்தான் போகிறார். தேங்காய் மூட்டை, உர மூட்டை, லீவுக்குப் போனால் நாங்கள் ஆறு பேர், எல்லாம் அதில்தான்.

நாலு மாசம் முன்னாடி அந்த ஹார்னுக்குக் கிறுக்குப் பிடித்தது. அமுக்கினால் சத்தமே வராது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் தானாக அடிக்கும்! ஒரு துக்க வீட்டுக்குப் போய் வண்டியை ஓரம் கட்டும்போது "பேஏஏஏ" என்று அடித்து, அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதுவரைக்கும் சிரிப்புதான். அடுத்த வாரம் வாய்க்கால் மேட்டு வளைவில் ஒரு சின்னப் பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடு ரோட்டுக்கே வந்துவிட்டான். அப்புச்சி ஹார்னை அமுக்குகிறார், அமுக்குகிறார், ஒன்றும் இல்லை. பிரேக் பிடித்து நின்றோம். பையனுக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அப்புச்சி ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவே இல்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி மாமா சொன்னார்: "அப்பா, போதும்பா. ஆர்.சி. புதுப்பிக்கவேற கொண்டுபோவணும். ஹார்ன்கூட அடிக்காத வண்டிய எவன் பாஸ் பண்ணுவான்? எடைக்குப் போட்றலாம்." சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷம் தாண்டினால் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். அப்போது வண்டியைச் சோதித்துப் பார்ப்பார்கள். மாமா சொன்னது நியாயம்தான். அப்புச்சி பதில் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் டவுனில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்டியைக் கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய ஹார்னுங்க, செத்துப்போச்சு. ஏர் ஹார்ன் போட்டுக்குங்க, தனியா பட்டன் வெச்சுத் தர்றேன், 1,800 ஆகும். அடிச்சா ஊரே ஒதுங்கும்" என்றார். மாமா பர்ஸை எடுத்துவிட்டார்.

அப்போது அப்புச்சி கேட்டதை நான் எங்கேயாவது எழுதி வைக்கணும் என்று நினைத்தேன், அதனால்தான் இந்தக் கட்டுரை. அவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஹார்ன் செத்துப்போயிருந்தா, திருப்பும்போது மட்டும் எப்படிங்க அடிக்குது?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். தானாக அடிக்கிறது என்றால் பேட்டரி நல்லா இருக்கு, ஃபியூஸ் நல்லா இருக்கு, ஹார்னும் உயிரோடு இருக்கு. கோளாறு எங்கே என்று அந்த வண்டியே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

இந்த மாதிரிப் பழைய கார்களில் ஹார்னுக்கு இரண்டு வயர். ஒன்றில் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக எப்போதும் சப்ளை வந்து நிற்கும். இன்னொன்று ஸ்டியரிங் தண்டு வழியாக நடுவிலுள்ள பட்டனுக்குப் போகும். பட்டனை அமுக்கினால் அந்த வயர் வண்டியின் இரும்பைத் தொட்டு எர்த் ஆகும். உடனே சுற்று முழுமையாகி ஹார்ன் அடிக்கும். அப்படியானால் பட்டன் இல்லாமலேயே அந்த வயர் எங்கேயாவது இரும்பைத் தொட்டாலும் அடிக்கத்தானே செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்புச்சியும் நானும் இறங்கினோம். மாமா, "அம்மிணி, நீ தள்ளி நில்லு, ஷாக் அடிக்கும்" என்றார். 12 வோல்ட் பேட்டரி, தொட்டால் ஷாக் அடிக்காது என்று பத்தாம் வகுப்புப் பாடத்தை அவருக்கு எடுக்க வேண்டியதாயிற்று. (ஆனால் ஷார்ட் ஆனால் வயர் எரிந்துவிடும். அதை மட்டும் மறக்கக்கூடாது.)

முதலில் கிரில்லுக்குப் பின்னாலிருக்கும் ஹார்னில், பட்டனுக்குப் போகிற வயரைக் கழற்றி, அந்த முனையிலிருந்து வேறொரு வயரை பாடியில் தொட்டோம். ஹார்ன் அடித்தது! தொண்டை கட்டின மாதிரி கரகரப்பாக, ஆனால் அடித்தது. அப்புறம் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டியரிங் பட்டனைப் பிரித்தோம். உள்ளே வயர் பட்டனுக்கு இரண்டு விரல்கடை கீழே அறுந்திருந்தது. அதற்கும் கீழே மேல்தோல் உரிந்து செம்பு பளபளத்தது. இடது பக்கம் திருப்பும்போது அந்த இடம் இரும்பில் உரசுகிறது. இத்தனை நாள் எங்களை ஆட்டி வைத்தது இவ்வளவுதான்.

பழைய வயரின் கீழ்முனையில் புது வயரைக் கட்டி, மேலிருந்து மெதுவாக இழுத்தோம். பட்டனுக்குள் இருந்த கறுப்பு மசியையும் களிம்பையும் உப்புத்தாளால் தேய்த்தோம். அமுக்கினோம். அடித்தது.

மீதி இருந்தது கரகரப்பு. லேபில் இருக்கிற மின்சார மணி ஞாபகம் இருக்கிறதா? மின்காந்தம் இழுக்கும், இழுத்ததும் தொடுமுனை பிரியும், மின்சாரம் நிற்கும், பட்டை திரும்பி வரும், மறுபடி தொடும். ஹார்னும் அதேதான். சுத்தியலுக்குப் பதிலாக ஒரு மெல்லிய இரும்புத் தகடு, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிர்கிறது. தொடுமுனை தேயத் தேயச் சத்தம் கெடும். அதைச் சரிசெய்யத்தான் ஹார்னின் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகுவது, ஒரு நொடி அடித்துப் பார்ப்பது, மறுபடி திருகுவது. நான் திருக, அப்புச்சி உள்ளே உட்கார்ந்து அடிக்க, ஏழெட்டுத் தடவையில் பழைய குரல் திரும்பி வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "என்னங்க, வண்டிய வித்துப்போட்டீங்கன்னாங்க?" என்று வேலி ஓரம் வந்து கேட்டார். மொத்தச் செலவு 60 ரூபாய்.

அண்ணன் கேட்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்ததற்கு விலை இல்லையா என்று. இருக்கிறது. தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, உள்ளே காயில் எரிந்திருந்தாலோ நானும் புது ஹார்ன்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வண்டியில் அதே வயரில் எத்தனை புது ஹார்ன் மாட்டினாலும் அமுக்கினால் அடித்திருக்காது. பார்க்காமலே மாற்று என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

ஏர் ஹார்ன் விஷயம் இன்னும் மோசம். அது எங்கள் வீட்டோடு நிற்காது. நம் வகுப்பு ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பஸ் ரோடு. கணக்கு டீச்சர் ஒரு பீரியடில் எத்தனை தடவை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பல சுரத்தில் மாறி மாறி அலறுகிற ஹார்னும், காதைக் கிழிக்கிற ஹார்னும் பொருத்தக்கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கிறது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. அமைதி மண்டலத்தில் ஹார்னே அடிக்கக்கூடாது என்று 2010-ல் சேர்த்தார்கள். கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. "ஊரே ஒதுங்கும்" என்றுதான் விற்கிறார்கள். அந்தச் சைக்கிள் பையன் ஒதுங்க ஊரே அதிர வேண்டியதில்லை, 1986-ல் வந்த ஹார்ன் அமுக்கியவுடன் அடித்திருந்தால் போதும்.

ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. மாமா இப்போது எடைக்குப் போடுகிற பேச்சை எடுப்பதில்லை. போன வாரம் பெண் பார்க்கப் போவதற்கு அந்த வண்டியைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டில் பேசாமல் கிடக்கிற ஹார்ன் இருந்தால், கடைக்குப் போகும் முன் மத்தியான இடைவேளையில் வாங்க. டெஸ்ட் லேம்ப் என் பையில் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிரிக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்க, கையில் மோதிரம், காப்பு இருந்தால் அதையும்.

– பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவி