நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கம்பெனியின் மேஸ்திரி

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு ‘விண்டோஸ் 10’-க்குத் தன் பொறுப்பு தீர்ந்தது என்று அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி கைகழுவிவிட்டது. ‘விண்டோஸ் 11’-க்கு மாறுங்கள். உங்கள் மெஷின் அதற்கு லாயக்கில்லையென்றால் புது மெஷின் வாங்குங்கள் என்பது அதன் உபதேசம்.

தறி ஓட்டுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். மில்லில் நம் வருகையும் கூலியும் இன்று கம்ப்யூட்டரில்தான் ஏறுகின்றன. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டரின் முன்னால்தான் காத்து நிற்கிறோம். 2011-ல் தொடங்கிய சர்க்கார் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்ற லேப்டாப்கள் நம் குடிசைகளிலேயே இருக்கின்றன. ஆகவே இது நம் பிரச்னைதான்.

விண்டோஸ் என்பது என்ன? மில்லில் மெஷினுக்கும் ஆளுக்கும் நடுவே நின்று வேலையைப் பங்கிடுகிறவன் மேஸ்திரி. கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வதற்கு இயங்குதளம் என்று பெயர். நாம் தட்டும் எழுத்தும், திறக்கும் கடிதமும், பார்க்கும் படமும் அதன் கை வழியாகத்தான் போக வேண்டும். இந்த மேஸ்திரிக்குக் கூலி கொடுத்தவர்கள் நாம். ஆனால் அவன் யாருக்குக் கணக்குச் சொல்கிறான்?

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். முதலாளி இலவசமாகக் கொடுத்தால் அதன் விலை வேறெங்கோ எழுதப்பட்டிருக்கும் என்பது தொழிலாளிக்குத் தெரிந்த பாடம். 2016 மே மாதத்தில், மாறச் சொல்லும் அறிவிப்பை வேண்டாமென்று மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களையும் ‘சம்மதித்தவர்கள்’ கணக்கில் சேர்த்தார்கள்! வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய பண்ணையாரின் வித்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேளாமல் வந்த மாற்றத்தால் தொழில் கெட்டதென்று கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். 10,000 டாலர் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று கம்பெனிக்கு.

அதே 2016 ஜூலையில் பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தது. எந்தப் புரோகிராமை எவ்வளவு நேரம் உபயோகிக்கிறோம் என்பது வரை அளவுக்கு மீறிச் சேகரிக்கிறாய். சம்மதம் கேளாமலே ஒவ்வொருவருக்கும் விளம்பரத்துக்கான அடையாள எண்ணை ஒட்டுகிறாய் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி இறங்கி வந்தது. அடிப்படை நிலையில் சேகரிக்கும் தகவலை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. 2017-ல்தான் ஆணையம் நோட்டீசை முடித்துக்கொண்டது. பாதியை விட்டுவிட்டும் விண்டோஸ் ஓடுகிறதென்றால், அந்தப் பாதி எதற்காக எடுக்கப்பட்டது?

கோளாறுகளைச் சரிசெய்யத்தான் தகவல் எடுக்கிறோம் என்கிறது கம்பெனி. அது முழு உண்மையானால் எல்லோரிடமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டுமல்லவா? பெரிய நிறுவனங்களுக்கென்று விற்கும் விண்டோஸில் இந்தத் தகவல் அனுப்புதலை அடியோடு நிறுத்திவைக்க வழியுண்டு. வீட்டு உபயோகத்துக்கு விற்பதில் குறைக்கலாம், நிறுத்த முடியாது. பணக்கார வாடிக்கையாளனுக்குக் கதவும் தாழ்ப்பாளும்; ஏழைக்குக் கதவில்லாத வீடு! அந்தரங்கத்திலும் வர்க்க பேதம் என்பது இதுதான்.

இப்போது நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்கள் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற 30 டாலர் கட்டலாம். அல்லது கம்பெனியில் கணக்குத் திறந்து, தங்கள் மெஷினின் அமைப்பு விவரங்களை அதன் கிடங்குக்கு அனுப்பிவைக்கலாம் என்று 2025-ல் அறிவித்தார்கள். பணம் கொடு, இல்லையேல் விவரம் கொடு! ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்துக் கிளம்பின. செப்டம்பரில் கம்பெனி பணிந்தது. அங்கே காசும் வேண்டாம், விவரமும் அனுப்ப வேண்டாம், கணக்கு மட்டும் இருந்தால் போதும் என்று இறங்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கேட்பவர்கள் அங்கே இருந்தார்கள். இங்கே நாம் இன்னும் கேட்கவில்லை.

திருத்தங்களே வேண்டாமென்பது நம் கட்சியல்ல. 2017 மே மாதம் ‘வான்னக்ரை’ என்ற நச்சு நிரல் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளை முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. போடாத மெஷின்கள் மாட்டிக்கொண்டன. ஆகவே திருத்தம் அவசியம். அவசியமானதாலேயே அதைப் பிணையாக வைத்து விவரம் பறிப்பது அநியாயம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டமோ, சர்க்கார் தனக்கு வேண்டிய இலாகாக்களுக்கு விலக்களித்துக்கொள்ள வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. தானே விலக்குக் கேட்கும் காவற்காரன் கம்பெனியை எப்படித் தடுப்பான்?

மாற்று வழி இல்லாமலில்லை. யாரும் திறந்து சோதித்துப் பார்க்கக்கூடிய ‘லினக்ஸ்’ இருக்கிறது. அதைக்கொண்டு மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் ‘பாஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே முடிகிற காரியம் எங்கும் முடியும்.

ஆகவே நாம் கோருவது இவை:

1. பாதுகாப்புத் திருத்தங்களை, ஐரோப்பாவில் போல, காசும் விவரமும் கேளாமல் நம் மக்களுக்கும் கொடுக்க வேண்டும்.

2. பெரிய நிறுவனங்களுக்குள்ள ‘நிறுத்து’ என்ற பொத்தான் சாதாரண வீட்டுக்கும் வேண்டும்.

3. பள்ளிகளிலும் இ-சேவை மையங்களிலும் கட்டற்ற மென்பொருளைப் புகுத்தி, தமிழில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

தோழர்களே! புதிய அறிவிப்பு திரையில் வரும்போது பிள்ளைகளை அவசரப்பட்டுச் ‘சரி’ என்று அழுத்த விடாதீர்கள். எதை அனுப்பச் சம்மதம் கேட்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள், நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள். சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். தனித்தனியே அழுத்தும் பொத்தானைவிட, சேர்ந்து எழுப்பும் குரலுக்கே கம்பெனி பணியும்.