குட்டி யானையின் பின்கால்



சென்ற இதழ் தென்மாவட்டங்களுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. முகவர்கள் தொலைபேசியில் என்னிடம் பேசியதை இங்கே அச்சிட முடியாது. இதழ்க் கட்டுகளை ஏற்றிப் போன குட்டி யானைக்கு (டாடா ஏஸ் சரக்கு வண்டிதான்), விழுப்புரம் தாண்டியதும் நடுப்பகல் வெயிலில் பின்டயர் வெடித்துவிட்டது. ஓட்டிய தம்பிக்குக் கீறல்கூட இல்லை என்பதால் கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

வெடித்த டயரை அலுவலகத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். தேயவே இல்லை, பட்டன் புத்தம் புதிதாக இருந்தது. பிறகு ஏன் வெடித்தது? பிழை திருத்துகிற பழக்கத்தில் பக்கவாட்டு எழுத்துகளைப் படித்தேன். அளவுக்குப் பின்னால் 74 என்றிருந்தது. அது பாரத்துக்கான குறியீட்டு எண். 74 என்றால் ஒரு டயர் தாங்குவது 375 கிலோ. அதாவது, அது கார் டயர்! மாருதி 800-க்கும் 12 அங்குல ரிம்தான். அதனால் இதிலும் உட்கார்ந்துவிட்டது. விலை குறைவு என்று கடைக்காரர் மாட்டிவிட்டிருக்கிறார்.

சரக்கு வண்டிக்கென்று வருகிற டயரில் 'எல்டி' என்ற எழுத்துகள் இருக்கும். குறியீடு 86 என்றால் 530 கிலோ. பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்: கார் டயரில் 750 கிலோ, இதில் 1060. வண்டியின் சொந்த எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். ஏற்றுகிற சரக்கில் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள்தான் சுமக்க வேண்டும். '8 பிளை' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பருத்தி நூல் காலத்தில் அது உண்மையிலேயே அடுக்குகளின் எண்ணிக்கை. இன்று வலுவின் அளவுகோல் மட்டுமே.

தம்பியின் பங்கும் உண்டு. வெயிலில் காற்று விரியுமே என்று கொஞ்சம் இறக்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். நம் ஓட்டுநர்களில் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு, ஆனால் உண்மை நேர்மாறானது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி எழும், அதிலேதான் சூடு ஏறும். காலையில் வண்டி கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு.

2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து காய்கறி, சீர்வரிசை, தேர்தல் ஒலிபெருக்கி எல்லாம் இந்த வண்டிகளில்தான் போகின்றன. நம் வாசகர்களிலும் பலர் வைத்திருக்கிறீர்கள். நாற்கரச் சாலையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் ரேடியல் போடுங்கள், சூடு குறைவு. செங்கல் சூளை, கல்குவாரிப் பாதை என்றால் நைலான் டயரை நான் குறை சொல்ல மாட்டேன். எதை வாங்கினாலும் பக்கவாட்டில் தயாரித்த வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள்: 3223 என்றால் 2023-ன் 32-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் கடையிலேயே கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

இப்போது பின்னால் இரண்டும் எல்டி டயர். நேற்று கட்டு ஏற்ற வந்த தம்பி, எப்போதும்போல முதலில் டீ கேட்கவில்லை. "ஒரு கட்டு எத்தனை கிலோ சார்?" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்