இழுப்பதற்கு முன் ஒரு காரணம்

விமானப் பணிப்பெண் மஞ்சள் உயிர்காப்பு அங்கியின் சிவப்புக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டும்போது பாதிப் பேர் கைபேசியில் மூழ்கியிருப்பார்கள். விமானத்துக்குள் அங்கியை உப்பவிடக் கூடாது என்ற வரி காற்றோடு போய்விடும்.

1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 961, எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்தது. இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். பலர் உள்ளேயே அங்கியை உப்பவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற, அங்கி அவர்களைக் கூரையோடு அழுத்திப் பிடித்தது. முங்கி வாசலுக்கு வர வழியில்லை.

கைப்பிடியை இழுத்தால் ஒரு ஊசி குப்பியின் வாயைத் துளைக்கும், கரியமில வாயு சில நொடிகளில் பையை நிரப்பும். அவ்வளவுதான் வித்தை. அறிவிப்பில் கட்டளை இருக்கிறது, காரணம் இல்லை. அதையும் ஒரு வரி சொன்னால் என்ன? பயணிகள் பயப்படுவார்கள் என்றால், பயந்தே கேட்கட்டும்.

படகுகளில் சிக்கல் வேறு. நீர் பட்டால் தானே உப்பும் அங்கிகள் அங்கே உண்டு. ஆனால் குப்பியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. தீர்ந்துபோன குப்பியும் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். தராசில் வைத்து, மேலே பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். துருப்பிடித்திருந்தால், எடை சரியாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.