திருவிழாவில் விடுபட்ட 516 பேர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரத்தில் போஃபர்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஜனத்தொகை ஐயாயிரத்தைத் தொடாது. ஆனால் வயது அதிகம். 1709ஐப் பிறந்த ஆண்டாகக் கணக்கு வைத்து, 2009இல் முந்நூறாவது ஆண்டு விழா எடுத்த ஊர். நாங்கள் இருக்கும் கேரியிலிருந்து காரில் மூன்று மணி நேரம். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். எதிர்த்தீவில் காட்டுக்குதிரைகள் மேய்வதை இக்கரையில் நின்றே பார்க்கலாம். மீன் நன்றாக இருக்கும். கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்றதும் என் மாமியாருக்கு அந்த ஊர்மேல் மரியாதை கூடிவிட்டது.

அந்த ஊருக்குப் பெருமை கடற்கொள்ளையர்கள்தான். கடைத்தெருவில் எங்கு பார்த்தாலும் மண்டையோடு போட்ட கறுப்புக் கொடி. டீ-சர்ட், காபிக் குவளை, குழந்தைகளுக்கு ஒற்றைக்கண் பட்டை, பிளாஸ்டிக் வாள் எல்லாம் கிடைக்கும். ஓர் ஆகஸ்டில் நாங்கள் போயிருந்தபோது பெரிய கூத்தே நடந்தது. 1747இல் ஸ்பானியர்கள் வந்து ஊரைப் பிடித்ததையும் ஊர்க்காரர்கள் திரண்டு விரட்டியதையும் வேஷம் கட்டி நடித்துக் காட்டினார்கள். படகில் வந்து இறங்கினார்கள், வெறும் மருந்து போட்டுத் துப்பாக்கி வெடித்தார்கள், கரையில் கைதட்டல் ஓயவில்லை. உண்மையில் அன்று வந்தவர்கள் கடற்கொள்ளையர்கள்கூட இல்லை. தங்கள் அரசரிடம் உரிமம் வாங்கிக்கொண்டு எதிரி நாட்டைக் கொள்ளையடிக்கக் கிளம்பியவர்கள். முத்திரை குத்திய கொள்ளைக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு. ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டத்தில், 1812ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடித்த ஆட்வே பர்ன்ஸ் என்ற உரிமம் பெற்ற கொள்ளைக் கப்பல் தலைவரின் சமாதிமேல் பீரங்கியையே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாருக்கும் மேலே நாயகன் ஒருவன்: பிளாக்பியர்ட் என்று உலகம் அழைக்கும் எட்வர்ட் டீச். 1718 ஜூனில் அவனுடைய பெரிய கப்பலான 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' போஃபர்ட் முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டில் தட்டி நின்றுபோனது. அதே ஆண்டு நவம்பரில் ஆக்ரகோக் தீவருகே நடந்த சண்டையில் பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் மேனார்டின் ஆட்கள் அவனைக் கொன்று, தலையை வெட்டிக் கப்பல் முனையில் தொங்கவிட்டார்கள். கப்பலின் மிச்சத்தை 1996இல் கண்டுபிடித்தார்கள். அது அவன் கப்பல்தான் என்று 2011இல் மாநில அரசு உறுதியாகச் சொல்லிவிட்டது. பீரங்கிகளும் நங்கூரமும் 1705 என்று பொறித்த மணியும் கிடைத்திருக்கின்றன.

அருங்காட்சியகத்தில் எப்போதும் கூட்டம் கூடுவது ஓர் ஊசிக்குழல் முன்னால்தான். சாம்பல் நிற உலோகம், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், முனை வளைந்திருக்கும். மேகநோய் வந்த மாலுமிக்குப் பாதரசம் ஏற்றிய கருவி. எங்கே ஏற்றுவார்கள் என்று புரிந்ததும் ஆண்கள் முகம் சுளிப்பார்கள். "நம்மூர் வைத்தியத்துலயும் ரசந்தானே சேப்பாங்க" என்று மாமியார் அசராமல் சொன்னார். சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்து நின்று டீச் மீட்புப் பொருளாகக் கேட்டது ஒரு மருந்துப் பெட்டியைத்தான் என்பதை இதோடு சேர்த்து யோசித்தால், கறுப்புக் கொடியின் மினுமினுப்பு கொஞ்சம் உதிர்ந்துவிடும்.

அதே கூடத்தில் கூட்டம் நிற்காத பலகை ஒன்றும் உண்டு. என் சண்டை அதைப் பற்றியது.

பலகை சொல்வது இதுதான்: 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்' டீச்சிடம் இருந்தது ஏழு மாதம்கூட இல்லை. அதற்கு முன்னால் அது 'லா கான்கார்ட்'. பிரான்சின் நாந்த் நகரத்து மொந்தோதுவான் என்ற வணிகருக்குச் சொந்தமான அடிமைக் கப்பல். 1717 மார்ச்சில் நாந்திலிருந்து கிளம்பி, ஜூலையில் மேற்கு ஆப்பிரிக்காவின் விடா துறைமுகத்துக்குப் போய் 516 பேரை ஏற்றிக்கொண்டது. அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் 61 பேர் செத்துப்போனார்கள். கப்பல் சிப்பந்திகளிலும் 16 பேர் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் நோயில் சுருண்டு கிடந்ததால், நவம்பர் 28ஆம் தேதி கொள்ளையர்கள் எதிரே வந்து நின்றபோது சண்டை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் கதையின் முக்கியமான இடம். கப்பலில் தங்கப்பொடி இருப்பதை ஒரு பொடியன் காட்டிக்கொடுத்தான். டீச் அதை எடுத்துக்கொண்டான், கப்பலை எடுத்துக்கொண்டான். மருத்துவர்களையும் தச்சர்களையும் சமையல்காரரையும் கட்டாயப்படுத்தி வைத்துக்கொண்டான். ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரை, ஒரு சிறு கப்பலோடு சேர்த்து, பழைய பிரெஞ்சுக் கேப்டனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தக் கேப்டன் அவர்களை மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எதற்காக அவர்களை ஏற்றினார்களோ அந்த விற்பனைக்கு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: கொள்ளைக் கப்பல்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சமமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்களே, அந்தக் காலத்தில் அதைவிடச் சுதந்திரமான இடம் ஏது என்று. முழுப்பொய் இல்லை. டீச்சின் ஆட்களில் கறுப்பர்கள் பலர் இருந்தார்கள். கடைசிச் சண்டையில் வெடிமருந்துக்குத் தீ வைத்துக் கப்பலையே தகர்க்கக் காத்திருந்த சீசர் அவர்களில் ஒருவர். ஆனால் சிலர் மாலுமியானதை வைத்து, பலர் சரக்காகவே திரும்பிப் போனதை மூடக்கூடாது. அடிமைகளை விடுவிக்கும் வாய்ப்பு டீச்சின் கையில் வந்து விழுந்தது. அவனுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

அருங்காட்சியகத்தின்மேல் எனக்குக் குறையில்லை. மாநிலத்தின் ஆய்வாளர்கள் பிரெஞ்சு ஆவணங்கள்வரை போய்த் தோண்டி எடுத்ததால்தான் இந்த எண்ணிக்கையெல்லாம் நமக்குத் தெரிகிறது. குறை விழாவின்மேல். உள்ளே பலகையில் எழுதியிருப்பது வெளியே மேடைக்கு வரவில்லை. நான் பார்த்த அன்று ஒலிபெருக்கியில் ஒருவர் மணிக்கணக்காகப் பேசினார், டீச் தாடியில் திரி கொளுத்திக்கொண்டு சண்டைக்குப் போன கதையை விதவிதமாகச் சொன்னார். லா கான்கார்ட் என்ற பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

இதையெல்லாம் கேட்க நீ யார் என்றால், நான் நாகப்பட்டினத்துக்காரி. 1658இல் டச்சுக்காரர்கள் எங்கள் ஊரைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும். சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் டச்சுக் கப்பலேறி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையை மட்டும் வருஷா வருஷம் சொன்னார்கள். அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமரே வந்து கொண்டாடினார். அந்தப் படை போய் இறங்கிய ஊர்களில் அன்று இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நாமும் கேட்டதில்லை. கடல்கடந்து போய் அடித்தவனுக்கு விழா எடுப்பது போஃபர்ட்காரர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

விழாவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பிழைப்புக்குச் சுற்றுலாவை நம்பியிருக்கும் ஊர் அது. வாள் விற்கிற கடைக்காரருக்கும் வீட்டு வாடகை உண்டு. குழந்தைகளுக்கு வேஷம் பிடிக்கும், என் மகனுக்கும் பிடித்தது. நான் கேட்பது ஒன்றுதான். 2034இல் போஃபர்ட்டுக்கு 325 வயது ஆகிறது. அந்த ஆண்டு விழாவில், கொள்ளைக்காரர் படகு கரைக்கு வருவதற்கு முன்னால், லா கான்கார்டின் கதையை அதே ஒலிபெருக்கியில் சொல்லட்டும். 516 பேர் ஏறினார்கள், 61 பேர் கடலோடு போனார்கள் என்று ஊர் மேயரே நின்று வாசிக்கட்டும். ஐந்து நிமிஷம் போதும். பிறகு துப்பாக்கி வெடிக்கட்டும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர் பலர் அந்தக் கடற்கரைப் பக்கம் போகிறார்கள். நீங்களும் போனால் கறுப்புக் கொடியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அருங்காட்சியகத்தில் ஊசிக்குழலைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடாமல், லா கான்கார்ட் பற்றிய பலகை முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூட வரும் பேரப்பிள்ளைகளுக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.